கொடியும் நமர் என்னும் உணர்வும்

கொடி என்பது ஒரு குறி. குறியாவது தன்னைக் காட்டாது, தன்னின் வேறாய பிறிதொன்றைக் காட்டி நிற்பது. பண்டைத் தமிழ் வேந்தர் மூவர்க்கும் முறையே வில்லும் புலியும் கயலும் கொடிகளாயின. சிவபெருமானுக்கு ஏற்றுக்கொடியும், முருகவேளுக்குச் சேவற்கொடியும், திருமாலுக்குக் கருடக்கொடியும் உரியவென நூல்கள் கூறும். போர்க்களத்தே தன் கொடியைக் கண்டுழி வீரன் 'இவர் நமர்' எனத் தெளிந்தான்; வேறு கொடி கண்டுழி 'இவர் பிறர்' என வாளை உருவினான். ஆகவே கொடியின் தொழில் இரண்டாம்: நமரைச் சேர்த்தல் ஒன்று; பிறரைப் பிரித்தல் மற்றொன்று. இவ்விரண்டனுள் சைவர் கொள்ளற்பாலது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குக் கள்ளக்குறிச்சிச் சீமை சாலவும் ஏற்ற நிலமாம். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இந்நாட்டில், தென்பெண்ணைக் கரையிலே அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்கோவலூர் விளங்குகின்றது. நம்பியாரூரர் திருவவதாரஞ் செய்த திருநாவலூரும் இம்மாவட்டத்ததே. கோவலூரைச் சங்க காலத்தே மலையமான் திருமுடிக்காரி ஆண்டான். அதியமான் நெடுமானஞ்சி அதனை வென்றான். பின்னர்ச் சோழரும், பத்தாம் நூற்றாண்டில் இராட்டிரகூட வேந்தனாகிய மூன்றாங் கிருட்டிணனும் இங்கு ஆணை செலுத்தினர். வேந்தர்தம் கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஒன்றன்பின் ஒன்றாக இழிந்தன. வீரட்டம் நின்றது, அதனோடு ஓர் அரசர் வரலாறும் நின்றது. அவர் மெய்ப்பொருள் நாயனார்.

அவரைப் போரில் வெல்லலாற்றாது பன்முறை தோற்ற முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசிச் சடை தரித்துப் புத்தகக் கவளிகையுள் படையை மறைத்து அரண்மனை புகுந்ததும், ஆகமம் உரைப்பான்போல நடித்து நாயனார் வணங்கிய அளவில் அவரைக் குத்தியதும் அன்பர் அறிந்தனவே. அப்பொழுது வாளோங்கிய தத்தனைத் தடுத்து, நாயனார் பகைவனைச் சுட்டி உரைத்த சொல் 'நமர்' என்பதாம். அவனை இடையூறின்றி ஊர் கடத்திவிடுமாறும் பணித்தார். கொடியின் இயல்பு ஈண்டுத் தலைகீழாயிற்று. அரசர்தம் கொடி, பகைவனைப் பிறன் எனப் பிரித்துக் காட்டும். நாயனார் கண்ட திருவேடமோ, தம்மைக் கொன்றவனையும் நமர் என்பதனுள் அடக்கிற்று.

திருமுனைப்பாடி நாட்டு மன்னராய் ஆரூரரை வளர்த்த நரசிங்கமுனையரையர் செயலும் இதனோடு ஒக்கும். ஆதிரை நாளில் நீறணிந்து வந்தார்க்கெல்லாம் நூறு பொன் வழங்குதல் அவர்தம் வழக்கம். ஒருநாள் காமக்குறி மலர்ந்த மேனியனாய் ஒருவன் நீறணிந்து வந்தான். அருகிருந்தார் இகழ்ந்து ஒதுங்கினர்; அரசரோ அவனை எதிர்கொண்டு வணங்கி இரட்டிப் பொன் கொடுத்து விடுத்தனர். மன்னர் இருவரும் ஒரே நெறியில் நின்றமை கருதற்பாலது.

அற்றேல், வஞ்சனுக்கும் ஒழுக்கம் இல்லாதவனுக்கும் வேடமே காப்பாகுமெனின், வேடம் தீமைக்கு இடமாகாதோ என வினவுவாருமுளர். நன்று வினவினீர். குறிக்கு முகம் இரண்டு. பிறன்பாற் காணும் முகம் ஒன்று, தன்பால் தாங்கும் முகம் ஒன்று. பிறன்பாற் கண்டுழி வணங்குதல் கடன். தன்பால் தாங்குமிடத்து, அக்குறிக்கு யான் தகுவேனோ என ஆராய்தல் கடன். நாயனார் முன்னதனை இயற்றிச் சிவனடி சேர்ந்தார். முத்தநாதன் பின்னதனை மறந்து பழி பூண்டான். அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரமும் தொழுவார்க்கு விதித்ததேயன்றி, வேடந் தரித்தார் தம்மைத் தாமே வியந்துகொள்ளுமாறு விதித்ததன்று. இம்முறை மாறி, தன் குறியைக் கண்டு தருக்குதலும் பிறன் குறியைக் கண்டு இகழ்தலும் நிகழுமாயின், ஏறிய கொடி எதுவாயினும் அது ஆணவத்தின் கொடியே என்க.

இவ்வுண்மையைத் தெளியக் காட்டுவது கொடிக்கவி வரலாறு. மறைஞானசம்பந்தரை ஆசானாகக் கொண்டமை பற்றி உமாபதிசிவாசாரியார் தில்லைவாழந்தணரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வதிந்தனர். தில்லைத் திருவிழாவிற் கொடி ஏறாதாயிற்று. விலக்கப்பட்டவர் வரின் ஏறும் என இறையருள் உணர்த்த, அவர் வந்து பாடியவழிக் கொடி தானே ஏறிற்று என்பது வழிவழி வரும் செய்தி. நான்கே செய்யுளாலாகிய அந்நூலின் முதற்பாட்டு, ஒளியும் இருளும் ஓரிடத்தே இருப்பினும் ஒன்று மிகுந்துழி மற்றொன்று மறையும் என்றும், உயிரின்கண் அருளும் ஆணவமும் அவ்வாறே என்றும் உணர்த்துகின்றது. ஒருவரைப் பிறர் என ஒதுக்கிய கையால் திருக்கொடி ஏறவில்லை என்பதே இதன்கண் நாம் கொள்ளற்பாலதாம். கொடித்தண்டு பதியையும், சீலை பசுவையும், தருப்பைக் கயிறு பாசத்தையும் குறிக்கும் என ஆன்றோர் கூறுவர். சீலையைப் பசு என்றார், உயிர் தானே உயர மாட்டாமையினாலும் அருளால் உயர்த்தப்படுதலினாலும் என்க.

இனி, இந்நியதி நாட்டுக் கொடிகளுக்கும் பொருந்துமோ எனின், பொருந்தும். இந்திய நாட்டின் மூவண்ணக் கொடியை அரசியல் நிருணய சபை 1947-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் ஏற்றது. அன்று அவையில் இராதாகிருட்டிணன் அவர்கள், காவி நிறம் துறவைக் குறிக்கும் என்றும், தலைவர் தந்நலம் விட்டுத் தொண்டில் நிற்றல் வேண்டும் என்றும் விளக்கினர். கொடி தாங்குவார்மேல் ஒரு கடன் சுமத்தப்பட்டமை காண்க. இலங்கையிலோ, 1951-ஆம் ஆண்டில் சிங்கக் கொடியோடு தமிழர்க்கும் முசுலிம்களுக்கும் எனக் காவியும் பச்சையுமாய இரு பட்டைகள் சேர்க்கப்பட்டன. அப்பட்டைகள் சிங்கம் நிற்கும் பகுதிக்குப் புறம்பாகவே அமைந்தன. கொடிக்குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அம்முடிவிற்கு உடன்படாராயினர். நமர் எனக் கூறியும் புறத்தே நிறுத்துதல் நமர் எனக் கொள்ளுதலாகுமா என்னும் வினா அங்கே எழுந்தது.

அவ்வினாவை நம் நாட்டின் அண்மையிலும் கேட்டல் வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்கின்றது. அதன்கண் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் மலையாள நாட்டினர் அல்லர், தமிழே பேசுவோர், தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் மலையேறினர் எனக் கூறுவோர். வேந்தர்தம் வில்லோ புலியோ போல அவர்க்கென ஒரு கொடி இல்லை. மலையே அவர்தம் பெயரும் குறியும் ஆயிற்று. 1947-இல் நாடெங்கும் புதுக்கொடி ஏறியும், இம்மலையில் சாகீர்தார் மூவர்தம் பிடி 1976-ஆம் ஆண்டு வரை நீங்கவில்லை. அவ்வாண்டிலேயே அரசு அம்முறையை ஒழித்தது. கொடி ஏறிய பின்னும் அது குறித்த பொருள் மலைச்சாரலை அடைய இருபத்தொன்பது ஆண்டு வேண்டியிருந்தது என்க. ஒளியும் இருளும் ஓரிடத்தே இருக்கும் என்னும் கொடிக்கவியின் கருத்துக்கு இதனினும் தெளிவாய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இம்மலையின் நடுவே ஓரூர்க்கு வெள்ளிமலை என்பது பெயர். கயிலைக்குரிய பெயரை நாள்தோறும் நாவாற் சொல்லும் அம்மக்களைச் சமவெளியிலுள்ள சைவர் நமர் என எண்ணியதுண்டோ? பெற்றான்சாம்பானுக்கு வீடளித்த உமாபதிசிவம் மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வார், விறகு சுமந்து மலையிறங்குவார் ஒருவரை எம்முகத்தோடு எதிர்கொள்கின்றனர்? மடங்களின் கொடியும் ஆலயங்களின் கொடியும் ஆண்டுதோறும் ஏறுகின்றன. ஏறும்பொழுதெல்லாம், இக்கொடியின்கீழ் இன்னும் வாராதவர் யாவர், வந்தும் புறத்தே நிற்பவர் யாவர் எனச் சீலையை ஏற்றுவார் தம்மைத் தாமே வினாவுதல் முறை.

இதுகாறும் கூறியவாற்றால், கொடி நமரைச் சேர்த்தற்கேயன்றிப் பிறரைப் பிரித்தற்கன்று என்பதும், பிறர் குறியை மதித்தலும் தம் குறிக்குத் தக ஒழுகுதலும் சைவர் கடன் என்பதும், அங்ஙனம் ஒழுகுவார் ஏற்றும் கொடியே அருளால் உயரும் என்பதும் பெறப்பட்டன. கோவலூர் மன்னர் உயிர் நீங்கும்போது உரைத்த நமர் என்னும் ஒரு சொல் நம் நாவிலும் நெஞ்சிலும் நிற்பதாக.

சிவம்.