காலையில் முதல் சிகரெட் எப்போது?



நோயாளிகளின் கட்டிலண்டை உட்கார்ந்து பேசும் பணிக்கு வந்த புதிதில், புகைபிடிக்கிறவர்களிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே: "ஒரு நாளைக்கு எத்தனை?" பதிலும் அநேகமாக ஒன்றாகவே இருந்தது: "ரெண்டு மூணுதான் ஐயா." போதகரிடம் யார்தான் உண்மைக் கணக்கைச் சொல்வார்கள்? நானும் அதை நம்பி, "இவ்வளவுதானே, மனம் வைத்தால் இன்றைக்கே விட்டுவிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். நான் கேட்ட கேள்வியே போதாது என்பது வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று.

ஸ்வீடன் நாட்டு மனோதத்துவ நிபுணர் கார்ல் ஓலோவ் ஃபாகர்ஸ்ட்ரோம், ஒருவர் எவ்வளவு தூரம் நிக்கோட்டினுக்கு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதை அளக்க 1978-ல் 8 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார். 1991-ல் டாட் ஹெதர்டன் முதலானோர் அவருடன் சேர்ந்து, 254 புகைபிடிப்பவர்களின் பதில்களை உடல் சோதனைகளின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "புகையை உள்ளே இழுப்பீர்களா?", "உங்கள் சிகரெட்டில் நிக்கோட்டின் எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகளும் அந்த அளவுகளோடு சற்றும் பொருந்தவில்லை. 'லைட்' சிகரெட் வாங்குகிறவர் அதையே ஆழமாக இழுத்துக் குறையைச் சரிக்கட்டிக்கொள்வார் அல்லவா! அவ்விரண்டையும் நீக்கினார்கள். மீந்த 6 கேள்விகளுக்கு மொத்தம் 10 மதிப்பெண்.

அவை எவையென்று பார்ப்போம். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3, அரைமணிக்குள் 2, ஒரு மணிக்குள் 1. நாளொன்றுக்கு எத்தனை? 10 வரை மதிப்பெண் இல்லை, 20 வரை 1, 30 வரை 2, அதற்கு மேல் 3. மற்ற நான்குக்கும் ஒவ்வொரு மதிப்பெண்: எந்தச் சிகரெட்டை விடுவது மிகக் கடினம், காலையின் முதலாவதா? எழுந்த சில மணி நேரத்தில் மற்ற வேளைகளைவிட அதிகம் புகைக்கிறீர்களா? நோயுற்று நாள் முழுதும் படுக்கையில் கிடக்கையிலும் புகைப்பீர்களா? தடைசெய்யப்பட்ட இடங்களில் அடக்கிக்கொள்வது கடினமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எடுத்துக்காட்டாக நூலகம், சினிமா அரங்கு ஆகியவற்றோடு ஆலயமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆராதனை நடுவே மெல்ல எழுந்து வெளியே போகிறவர்களை நாம் அறிவோம். அவர்களுக்குப் பக்தி குறைவு என்றே பலகாலம் நினைத்திருந்தேன்.

காலை வேளைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கொருமுறை பாதியாகக் குறைகிறது. இரவெல்லாம் உறங்கி எழும்போது சரீரத்தில் கொஞ்சமே மீந்திருக்கும். எரிச்சல், அமைதியின்மை, தவிப்பு எல்லாம் அப்போதுதான் தலைதூக்கும்.

இருவரை எண்ணிப்பாருங்கள். ஒருவர் கடை முதலாளி. நாளுக்கு 15 சிகரெட், ஆனால் முதலாவது மதிய உணவுக்குப் பின்தான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்கிறார். அவருக்கு 1 மதிப்பெண். மற்றவர் கூலியாள். கையில் காசில்லாததால் ஒற்றை ஒற்றையாக வாங்கி 8-தான் பிடிக்கிறார். ஆனால் கண் விழித்ததும் ஒன்று வேண்டும், காய்ச்சலிலும் வேண்டும், அடக்கவும் முடியாது, காலையில்தான் அதிகம், அந்த முதலாவதைத்தான் விடவே முடியாது. அவருக்கு 7. எண்ணிக்கையை மட்டும் கேட்டிருந்தால் நாம் யாரை அதிகமாய்க் கடிந்திருப்போம்?

6-க்கு மேற்பட்டால் அடிமைத்தனம் கடுமையானது எனக் கொள்கிறார்கள். வெறும் புத்திமதியால் இவர் விடுவது கடினம். எழுந்து அரைமணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம், தாமதித்துப் புகைப்பவருக்கு 2 மில்லிகிராம் என்று மருந்தின் அளவே அந்தக் கேள்வியைக்கொண்டு தீர்மானிக்கப்படுவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இத்தகைய நிக்கோட்டின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நேரமில்லாத மருத்துவர்கள் முதல் சிகரெட்டின் நேரம், எண்ணிக்கை ஆகிய இரண்டை மட்டும் கேட்டு 6 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுவதும் உண்டு.

இந்த வினாத்தாளுக்கும் எல்லை உண்டு. அது சிகரெட்டை வைத்து எழுதப்பட்டது. நம் ஊர் பீடிக்கு எண்ணிக்கைக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. புகையிலை மெல்லுகிறவர்களுக்குக் கேள்விகளை மாற்றித் தனியே அமைத்திருக்கிறார்கள். ஃபாகர்ஸ்ட்ரோமே 2012-ல், இது நிக்கோட்டின் ஒன்றை மட்டும் அளப்பதல்ல, 'சிகரெட் அடிமைத்தனச் சோதனை' என்றே அழைக்கலாம் என்று தம் பெயர் தாங்கிய சோதனைக்குப் பெயர் மாற்றம் முன்மொழிந்தார். முதியவர் ஒருவர் தம் சொந்தக் கருத்தைத் திருத்திக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போதெல்லாம் எண்ணிக்கையை முதலில் கேட்பதில்லை. "எழுந்ததும் டீக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்கிறேன். அதில் குற்றச்சாட்டு தொனிக்காததாலோ என்னவோ, யோசிக்காமல் பதில் வருகிறது. அதைக் குறித்து மருத்துவரிடம் கொடுத்துவிடுகிறேன்.