தேசிய மகளிர் கால்பந்துப் போட்டி: வரலாறும் ஆட்டமுறையும்

கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு ஆண்கள் ஆடும் ஆட்டமே நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் நாட்டின் மாநிலங்களுக்கிடையே பெண்களுக்கென்று ஒரு தேசியப் போட்டி நடைபெறுகிறது என்பதையும், அதில் தமிழ்நாடு இருமுறை வாகை சூடியுள்ளது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்போட்டியின் வரலாற்றையும், அது நடைபெறும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

தடையும் விடுதலையும்

பெண்கள் கால்பந்து ஆடுவது நேற்று முளைத்த வழக்கமன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பல அணிகளை அமைத்தனர். அவற்றுள் பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் 'டிக் கெர்' அணி புகழ்பெற்றது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரில் அவ்வணி ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்பது அவர்கள் கூறிய காரணம். அத்தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் நாள்தோறும் பேருந்தில் செல்வதைப் பார்த்து வளரும் கும்மிடிப்பூண்டிப் பகுதி மாணவிகளாகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

இந்தியாவில்

நம் நாட்டில் மாநிலங்களுக்கிடையிலான ஆடவர் போட்டி 1941இல் தொடங்கியது. இன்று வங்காளதேசத்தில் உள்ள சந்தோஷ் என்னும் ஊரின் மன்னர் பெயரால் அது 'சந்தோஷ் கோப்பை' எனப்படுகிறது. பெண்களுக்கோ 1975இல்தான் தனிக் கால்பந்துச் சம்மேளனம் அமைந்தது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றனர். 1983இலும் அவ்வாறே பெற்றனர். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நடத்தும் தேசிய மகளிர் போட்டி 1991இல் தொடங்கியது. சீனாவில் முதல் மகளிர் உலகக் கோப்பை நடைபெற்றதும் அதே ஆண்டில்தான். ஆடவர் போட்டிக்கும் மகளிர் போட்டிக்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். 2023 முதல் இக்கோப்பை வீர சிவாஜியின் அன்னை பெயரால் 'ராஜமாதா ஜீஜாபாய் கோப்பை' என வழங்கப்படுகிறது.

ஆட்டமுறை

முதலில் மாநில அணிகள் பல பிரிவுகளாகப் பிரிந்து ஆடித் தகுதி பெறுகின்றன. பின்னர் இறுதிச் சுற்று நடைபெறும். அணிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். 2023இல் அமிர்தசரசில் நடந்த இறுதிச் சுற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் பன்னிரண்டு அணிகள், ஆறு ஆறாக இரு பிரிவுகளில் ஆடின. ஒரு பிரிவில் ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் மோதும். இதனை லீக் முறை என்பர். ஆறு அணிகளுக்குள் நடக்கும் ஆட்டங்கள் பதினைந்து. இரு பிரிவுக்கும் முப்பது. ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு இடம் பெறும் அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். இரண்டு அரையிறுதியும் ஓர் இறுதி ஆட்டமும் சேர்ந்தால் மொத்தம் முப்பத்து மூன்று. கோப்பையைப் பெறும் அணி இறுதிச் சுற்றில் மட்டும் ஏழு ஆட்டங்கள் ஆடியாக வேண்டும்.

லீக் ஆட்டத்தில் வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை. முற்காலத்தில் வெற்றிக்கு இரண்டே புள்ளிகள். இம்மாற்றத்தின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஓர் அணி நான்கில் வென்று ஒன்றில் தோற்கிறது. மற்றோர் அணி மூன்றில் வென்று இரண்டைச் சமன் செய்கிறது. பழைய முறையில் இரண்டுக்கும் எட்டுப் புள்ளிகள். புதிய முறையில் முதல் அணிக்குப் பன்னிரண்டு, இரண்டாம் அணிக்குப் பதினொன்று. தோல்விக்கு அஞ்சிக் கோல் முன்னே கூட்டமாக நின்றுகொள்வதைவிட, வெற்றிக்காகத் துணிந்து ஆடுவதே மேல் என்று இப்புள்ளிமுறை கற்பிக்கிறது. உலகக் கோப்பையில் இது 1994 முதல் நடைமுறைக்கு வந்தது.

அரையிறுதி முதல் தோற்ற அணி வெளியேறும். அங்கே சமநிலைக்கு இடமில்லை; ஒரே ஒரு கவனக்குறைவு பல மாத உழைப்பை வீணாக்கிவிடும்.

தமிழ்நாட்டின் வெற்றி

இப்போட்டியின் முடிசூடா அரசி மணிப்பூர். அம்மாநிலம் இருபது முறைக்கும் மேல் கோப்பையை வென்றுள்ளது. அங்கிருந்து வந்த ஓயினம் பெம்பெம் தேவிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அத்தகைய மணிப்பூரை 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் 2-1 என வென்று, தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் வாகை சூடியது. இடையில் 2019இல் மதுரையின் சேது அணி, கழகங்களுக்கான இந்திய மகளிர் லீக் கோப்பையையும் வென்றது. தமிழக ஆடவர் அணி 2025 வரை சந்தோஷ் கோப்பையை ஒருமுறையேனும் வென்றதில்லை என்பதை இங்கு நினைவில் கொள்க!

தமிழக அணியின் புகழ்பெற்ற வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். காவல்துறையில் சார்பு ஆய்வாளராகப் பணியேற்றவர். விளையாட்டு படிப்புக்கும் பிழைப்புக்கும் பகை என்போருக்கு அவர் வாழ்வே விடை.

நாம் சிந்திக்க வேண்டியது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மணிப்பூர் மாநிலம் முழுவதற்கும் சுமார் 28 இலட்சம் மக்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்திலோ, அன்றைய எல்லைகளின்படி, 37 இலட்சம் மக்கள். அப்படியானால் ஆட்களுக்குக் குறைவில்லை. குறைவது எது? மாலை வேளையில் நம் ஊர்த் திடல்களைப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் ஆடுவார்கள், நாம் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போவோம். 'பெரிய பெண்ணாகிவிட்டாய், இனி என்ன ஓட்டம்?' என்னும் பேச்சு பல வீடுகளில் உண்டு. நம்மை எவரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஆயினும், 1921இல் இங்கிலாந்தில் எழுத்தில் இருந்த தடை, இங்கே வழக்கத்தில் இருக்கிறது. எழுதிய தடையை எழுதியவர்களே நீக்கினார்கள். வழக்கத்தில் உள்ளதை நாம் ஆடித்தான் நீக்க வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு பந்து, இருபுறமும் இரு கம்புகள், வாரம் இருமுறை பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் போதும். பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வு இருக்கிறதே என்று அன்னையர் கவலைப்படுவார்கள். ஓடி வியர்த்து வந்தபின் படிக்கும் பாடம் தூங்கி விழுந்து படிப்பதைவிட மனத்தில் நன்கு பதியும் என்று அவர்களிடம் பணிவுடன் சொல்வோம்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஆன்மீக வாழ்வுக்குப் பந்தயத் திடலில் ஓடுபவரையே உவமை காட்டுகிறார். உடலை அடக்கிப் பழக்குவதும் ஓர் ஒழுக்கமே. ஆகவே தோழியரே, அடுத்த முறை தமிழ்நாட்டு மகளிர் அணியின் பெயர்ப் பட்டியல் வெளிவரும்போது, அதில் திருவள்ளூர் மாவட்டப் பெண் ஒருத்தியின் பெயரைத் தேடுவோம். இல்லையென்றால், அவ்விடத்தை நிரப்ப இன்றே திடலில் இறங்குவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி