எலியைப் பார்க்காத தலைவர்

அன்புள்ள இளமதிக்கு,

பார்க் வழக்கைப் படித்துவிட்டு, எலியைக் கண்ணால்கூடக் காணாத ஒருவரை எப்படிக் குற்றவாளி என்பது என்று கேட்டிருந்தாய். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் உன் வகுப்பில் யாரோ, அது பதவிக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கு எரிச்சல் அந்த வாக்கியத்தின் மேல்தான். தீர்ப்பின் முதல் இரண்டு பக்கங்களோடு புத்தகத்தை மூடிவிட்டவர்கள் சொல்வது அது. குற்றமனம் என்றால் என்ன, அது இல்லாமலும் சட்டம் எப்போது தண்டிக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். எனவே நேரே கிடங்குக்கே போவோம்.

அக்மி மார்க்கெட்ஸ், பிலடெல்பியாவைத் தலைமையிடமாகக் கொண்ட மளிகைக் கடைச் சங்கிலி: ஏறக்குறைய 36,000 ஊழியர்கள், 874 கடைகள், 16 கிடங்குகள். 1970 ஏப்ரலில், பிலடெல்பியா கிடங்கின் சுகாதாரக் கேடு பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன் தலைவர் ஜான் பார்க்குக்கே கடிதம் எழுதியது. அடுத்த ஆண்டின் இறுதியில் பால்டிமோர் கிடங்கைச் சோதித்தார்கள், அங்கும் எலி. 1972 ஜனவரியில் மறுபடியும் தலைவருக்குக் கடிதம். மார்ச்சில் போய்ப் பார்த்தபோது நிலைமை தேறியிருந்தது. ஆனால் எலி போகவில்லை, உணவும் கெட்டிருந்தது. கம்பெனி மீதும் பார்க் மீதும் வழக்கு வந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. பார்க் ஒப்புக்கொள்ளவில்லை. வேலையைத் தகுதியானவர்களிடம் ஒப்படைத்தேன், பால்டிமோர் பொறுப்பாளர் கவனிப்பதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்பது அவர் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிலடெல்பியா கடிதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார். ஓர் ஊரில் தோற்றுப்போன ஏற்பாடு இன்னோர் ஊரிலும் தோற்றிருக்கிறது; முதல் தோல்வியை அறிந்த மனிதர் இரண்டாவதையும் அதே ஏற்பாட்டிடமே விட்டுவிட்டார். தம் சுகாதார ஏற்பாடு சரியாக இயங்கவில்லை என்பதைக் குறுக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே அவர் சுமந்தது கிடங்குக் காவலாளியின் பாவம் அல்ல. அறிவிப்பு வந்தது அவருக்கு, மாற்றும் அதிகாரம் இருந்தது அவரிடம், மாற்றாமல் விட்டவரும் அவரே. 1975இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் சொன்னது இதைத்தான். தடுக்கும் ஆற்றல் உண்மையிலேயே தமக்கு இல்லை என்றால் அதை எதிர்வாதமாக வைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பதவிக்குத் தண்டனை என்றால் இந்த வாசலைத் திறந்து வைத்திருப்பார்களா? தண்டனையையும் பார்: ஐந்து குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் 50 டாலர் அபராதம். இதற்குத்தான் அரை நூற்றாண்டாகக் கொடுமை என்று கூக்குரல்.

தீய எண்ணமே இல்லாதவரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஏன் இழுக்க வேண்டும் என்பாய். இதற்கு 1943இன் டாட்டர்வைக் தீர்ப்பைப் படிக்க வேண்டும்; அதையும் அதன் பின்னணியோடு. 1937இல் மாசன்கில் கம்பெனி, சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அன்றைய சட்டத்தில் பிடிக்க முடிந்த குற்றம், சாராயம் கலக்காத மருந்துக்கு ‘எலிக்சிர்’ என்று பெயரிட்டது மட்டுமே! அந்த வெட்கத்தில் பிறந்தது 1938ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் வந்த டாட்டர்வைக் வழக்கில் ஜூரி கம்பெனியைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வராமல், தலைவரை மட்டும் தண்டித்தது. விசித்திரம்தான், மர்பி எழுதிய மாற்றுத் தீர்ப்பும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஃபிராங்க்ஃபர்ட்டரின் நியாயம் எனக்கு இன்றும் அசையவில்லை: வாங்குபவர் புட்டியைச் சோதிக்க வழியில்லை, விற்பவருக்கு வழி உண்டு, கஷ்டம் யாராவது ஒருவருக்கு என்றால் வழியுள்ளவருக்கே இருக்கட்டும். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே டைஎத்திலீன் கிளைக்கால் கண்டுபிடிக்கப்பட்டதையும், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததையும் நீ படித்திருப்பாய். கம்பெனிக்கு அபராதம் போட்டால் போதும் என்பவர்கள் அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லட்டும். அபராதம் பங்குதாரர் பணம். சோதனைக் கூடத்துக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தவர் கையிலிருந்து ஒரு காசும் போகாது.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் இரண்டு மனதாக இருக்கிறது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள்: கம்பெனி நடத்தும் ஆலைக்குப் பொறுப்பாளராக இயக்குநர் ஒருவரே கருதப்படுவார் என்றது அந்தத் திருத்தம். மேலாளரை முன்னால் நிறுத்திவிட்டு முதலாளிகள் ஒதுங்கும் பழக்கத்தை அது அடைத்தது; ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, கிளைக்கு ஒருவரை நியமித்துவிட்டால் அந்தக் கிளையின் குற்றத்துக்கு அவரே பொறுப்பு என்கிறது. பால்டிமோர் கிடங்கு இங்கே இருந்திருந்தால் முதலில் மாட்டுபவர் கிடங்குப் பொறுப்பாளர்தான். இயக்குநரின் சம்மதத்தையோ அலட்சியத்தையோ நிரூபித்தால் அவரையும் பிடிக்கலாம் என்று அதே பிரிவில் உண்டு. நிரூபிக்க உழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உழைப்பு எங்கே? சட்டப் பிரிவின் வாசகத்தை அப்படியே பெயர்த்து, இயக்குநர் பட்டியல் முழுவதையும் கீழே ஒட்டி, பிராது என்று தாக்கல் செய்கிறார்கள். ஆண்டுக்கு நாலு கூட்டத்துக்கு வந்துபோனவரும் அதில் இருப்பார். உயர் நீதிமன்றம் ரத்து செய்யும். உடனே பெரிய மனிதர்கள் தப்பிவிட்டார்கள் என்று நாம் பெருமூச்சு விடுவோம். யாருக்கு எந்தத் தேதியில் எந்தக் கடிதம் போனது, அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்று இரண்டு பத்தி எழுதியிருந்தால் பாதி வழக்குகள் நின்றிருக்கும்.

தலைவர்களைத் தண்டித்தால் திறமையானவர்கள் பதவிக்கே வரமாட்டார்கள் என்ற பயமுறுத்தலை நான் பொருட்படுத்துவதில்லை. 2010 ஜூன் 7 அன்று போபால் வழக்கில் யூனியன் கார்பைட் இந்தியாவின் முன்னாள் தலைவர் உள்ளிட்டோருக்குக் கிடைத்தது இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. அதுவும் விபத்து நடந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. அதைக் கண்டு எந்த நிர்வாகக் குழுவும் காலியாகிவிடவில்லை.

பார்க் வழக்கில் ஸ்டூவர்ட் எழுதிய மாற்றுத் தீர்ப்பை நீ விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். அவர் பெரும்பான்மையின் கோட்பாட்டோடு பெரும்பாலும் உடன்பட்டவர். அந்தக் கோட்பாட்டுக்குத் தக்கபடி ஜூரிக்கு விளக்கவில்லை என்பதுதான் அவர் குறை. அதைப் படித்துவிட்டு, இது பதவிக்குக் கிடைத்த தண்டனைதானா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்