நெஞ்சுக்குள் ஒரு நல்ல கொழுப்பு



"ஐயா, ரத்தத்துல கொழுப்பாம்" என்று பயந்துகொண்டு என்னிடம் வருவோர் பலர். ஆனால், இல்லாவிட்டால் மூச்சே விட முடியாத ஒரு கொழுப்பும் நம் உடம்பில் உண்டு. அது நுரையீரலில் இருக்கிறது.

நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள் உண்டு. அவற்றின் உட்புறம் எப்போதும் ஈரம். நனைந்த பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பைகள் அப்படி ஒட்டிப்போகாமல் காப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்ற மெல்லிய படலம். அதில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு கொழுப்பு, மீதி புரதம்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பைகளுக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் அவை மணி அடிக்கும். உடனே வீக்கம், நீர், சளி. ஆனால் வருகிற ஒவ்வொரு தூசிக்கும் பெரட்டு மணி அடித்தால் நெஞ்சு தாங்குமா? அந்தப் படலத்திலுள்ள சில கொழுப்புகள், காவல் அணுவில் கிருமியின் துணுக்கு வந்து ஒட்டும் இடத்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. மணியின் நாக்கில் துணி சுற்றியது போல! சத்தம் அடங்குகிறது. சோதனைக்கூடத்தில் இதைக் கண்டறிந்து 2009-இல் வெளியிட்டார்கள்.

இந்தப் படலத்தைக் கெடுப்பவை எவை? ஒன்று, சிகரெட் புகை. இன்னொன்று பாராகுவாட் களைக்கொல்லி. உடம்புக்குள் போனால், படலத்தை உண்டாக்கும் அணுக்களிலேயே போய்ச் சேர்ந்து அவற்றை அழிக்கும். மலேசியாவில் 2020 முதல் அதற்குத் தடை. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

தாய்மார்களே, இது உங்களுக்கு. குழந்தைக்கு இந்தப் படலம் போதிய அளவு ஊறுவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். குறைமாதக் குழந்தை மூச்சுக்குத் திணறுவது இது போதாததால் என்று 1959-இல் கண்டுபிடித்தார்கள். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று 1972-இல் தெரிந்தது. பிறந்த பின் சர்ஃபாக்டன்டையே மருந்தாகக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும்.

ஆகவே, மாதம் நிறையாமல் வலி கண்டால், "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சூட்டு வலியாகவே இருந்தால் திரும்பி வந்துவிடலாம். போன நேரம் திரும்பி வராது.