பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்: உபகாரச் சம்பளமும் சங்கத்தின் கடமையும்

பிசான நெல் களத்துக்கு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில்தான் நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதுகின்றனர். தேர்வு முடிவு வெளியாகிக் கல்லூரியில் இடம் கிடைக்கும் நேரத்தில் நெல் விற்ற பணம் கரைந்திருக்கும். பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்கு நீர் என்றைக்குத் திறப்பார்கள் என்று விவசாயி எதிர்பார்த்திருப்பார். உழவுக்கும் நாற்றுக்கும் பணம் வேண்டும். மகனுடைய சேர்க்கைக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். வீரவநல்லூரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் தறியை நம்பியிருக்கும் அங்கத்தினர் வீட்டில் நிலைமை சற்று வேறானது. அங்கே கூலி அவ்வப்போது வருகிறது. வந்த வேகத்தில் செலவாகியும் விடுகிறது. ஒரே தடவையில் பெருந்தொகை கேட்கும் கல்லூரி வாசல் இரு வீட்டாரையும் ஒருங்கே அச்சுறுத்துகிறது.

முன்னாளில் உபகாரச் சம்பளம் என்று வழங்கிய கல்வி உதவித்தொகை இன்று பல துறைகளில், பல பெயர்களில் இருக்கிறது. சங்கங்களுக்குச் சென்று அங்கத்தினர்களோடு பேசியதில் நாம் கண்டது யாதெனில், இவ்வுதவியை இழப்போர் மதிப்பெண் குறைவால் இழப்பது அரிது என்பதே. தவறான நேரத்தில் பள்ளியை மாற்றுவதாலும், சரியான நேரத்தில் பத்திரங்கள் கையில் இல்லாமையாலுமே இழக்கிறார்கள். இவ்விரண்டையும் இந்தப் பாடத்தில் விரிவாகக் கவனிப்போம்.

முதலில் பள்ளி மாற்றம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து விடுவித்து, கடன் வாங்கியாவது பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்ப்பது நம் ஊர்களில் ஒரு கௌரவமாகக் கருதப்படுகிறது. அந்தக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதைப் பெற்றோர் கணக்கிடுகிறார்கள். பள்ளியை விட்டு வெளியேறும்போது எதை விட்டு வருகிறோம் என்பதைக் கணக்கிடுவதில்லை.

எதை விட்டு வருகிறார்கள்? 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணாக்கருக்கு நூற்றுக்கு 7.5 வீதம் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டில் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இவ்வொதுக்கீடு விரிவாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, நம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிள்ளிகுளத்திலுள்ள விவசாயக் கல்லூரியில் சேர எண்ணும் ஒரு விவசாயியின் மகன் பதினோராம் வகுப்பில் பள்ளியை மாற்றினால், நான்காண்டுப் படிப்புச் செலவு முழுவதையும் அன்றே விட்டுக்கொடுத்தவன் ஆகிறான். ஐ. ஐ. டி. போன்ற மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறும் அரசுப் பள்ளி மாணாக்கரின் இளநிலைப் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று 2022-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்ததும் இதே ஏழு வகுப்பு விதியைக் கொண்டதே.

பெண் மக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரால் 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி வழங்கப்பட்டு வந்தது. 2022-இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் என்னும் பெயரில் தொடங்கிற்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய பாங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்களுக்கும் இத்திட்டம் 2024 டிசம்பர் 30-ஆம் தேதி தூத்துக்குடியில் விரிவாக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு இதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே ஆண்டு ஆகஸ்டு 9-இல் தொடங்கிற்று.

தாலிக்குத் தங்கம் கொடுத்த கை இப்பொழுது புத்தகத்துக்குப் பணம் கொடுக்கிறது. பெண்ணைப் படிக்க வைத்தால் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்கும் தாத்தாக்கள் இன்னும் நம் பொதுக்குழுக் கூட்டங்களில் இருக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பில் 36,000 ரூபாய் அப்பெண்ணின் சொந்தக் கணக்கில் வந்து சேரும் என்று சொன்னால் அவர்களும் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இங்கே ஒரு வேற்றுமையை அங்கத்தினர் மறவாதிருத்தல் வேண்டும். அரசுப் பள்ளி வேறு; அரசு உதவி பெறும் பள்ளி வேறு. மாதம் 1,000 ரூபாய்க்கு இரண்டும் தகுதி பெறும். உதவி பெறும் பள்ளியானால் தமிழ்வழி என்பது நிபந்தனை. 7.5 வீத ஒதுக்கீடோ அரசுப் பள்ளிக்கே உரியது. நம் பகுதியில் பெயர்பெற்ற உதவி பெறும் பள்ளிகள் பல இருத்தலால், ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

மதிப்பெண்ணால் வரும் உதவியும் உண்டு. மத்திய அரசு கல்லூரி மாணாக்கருக்கு வழங்கும் உதவித்தொகையில் ஆண்டுதோறும் நாடு முழுவதும் 82,000 பேர் புதிதாகச் சேர்க்கப்படுகின்றனர்; அதில் பாதி பெண்களுக்கு. அந்தந்தத் தேர்வு வாரியத்தில் எழுதியோரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் மாணாக்கர் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. இளநிலைப் படிப்பின் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். தொழிற்கல்வியில் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி என்னும் உதவி ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். வருமான வரம்பு 8 இலட்சம். ஒரு மாணவி இரண்டு உதவிகளை ஒருங்கே பெறலாமா என்ற வினா அடிக்கடி எழுகிறது. புதுமைப் பெண் திட்டம் பிற உதவிகளோடு சேர்த்துப் பெற இடந்தருகிறது. மேற்சொன்ன மத்திய உதவியின் விதியோ வேறு உதவி பெறுவோரை ஏற்பதில்லை. ஆதலால் கையொப்பமிடுமுன் கல்லூரி அலுவலகத்தில் தெளிவு பெறுக.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்திய உதவித்தொகை 1944-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வரும் பழைமையான திட்டமாகும். இதன் வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கும் தனித்தனி உதவிகள் உள; அவற்றையெல்லாம் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் பிள்ளைக்கு 2010-11 முதல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இச்சலுகை. அண்ணன் கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டால், பின்னால் பொறியியல் சேரும் தங்கைக்கு அது கிட்டாது.

இனி நம் தொழிலோடு ஒட்டிய உதவிகள். தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தின் 2021-26 காலத்து விதிகளில், கைத்தறித் தொழிலாளரின் பிள்ளைகள் இருவர் வரை, அரசு அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் டிப்ளமாவோ பட்டமோ பயில, ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை உதவி என்று கண்டிருக்கிறது. இத்தனை பெரிய தொகையை நம் அங்கத்தினர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் நெசவு, சாயம், வடிவமைப்பு முதலியவற்றைக் கற்பித்து வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிப்புக்கே ஓடும் இந்நாளில், தறிக்குழியருகே வளர்ந்த ஒரு பிள்ளை அங்கு சென்று பயின்று வருவது சங்கத்துக்கே ஒரு முதலீடு என்பது நம் கருத்து. வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டைக் காப்பாற்றப் புதிய சாயமும் புதிய வடிவமும் அறிந்தவர் தேவை. இந்த உதவிக்குக் கைத்தறித் தொழிலாளி என்பதற்கான புகைப்பட அடையாள அட்டை கையில் இருத்தல் முக்கியம்.

விவசாயிகளுக்கு 2011-இல் ஏற்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கர் வரை சொந்தமாக வைத்துத் தாமே பயிரிடுவோரும், விவசாயத் தொழிலாளரும் இதில் உறுப்பினராகலாம். அவர்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி முதல் பட்டப் படிப்பு வரை கல்வி உதவி உண்டு. தொகை சிறியதே, எனினும் புத்தகச் செலவுக்கு ஆகும்.

பத்திரங்களுக்கு வருவோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். எனவே சாதிச் சான்றை எப்பொழுது வேண்டுமாயினும் வாங்கி வைக்கலாம். வருமானச் சான்றை ஏப்ரல், மே மாதங்களில் வாங்குவதே அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் உதவும். தேர்வு முடிவுக்குப் பின் எல்லோரும் ஒரே நேரத்தில் தாலுகா அலுவலகத்தை நெருக்குவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்தான் பெருந்தொல்லை. பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னால். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுவதும் பின்னால். பாங்கிக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. மனிதர் பார்த்தால் ஒருவரே என்று விளங்கும். இயந்திரம் மூன்று பேராகக் கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே இம்மூன்றையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக் கொள்வது அவசியம். மாணாக்கர் பெயரிலேயே பாங்கிக் கணக்கு இருக்க வேண்டும். அது ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். பள்ளியில் கொடுத்துள்ள எமிஸ் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். மத்திய அரசு உதவிகளுக்கு, தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து 14 இலக்க எண் பெறுதல் வேண்டும். விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரியில் அதற்கென உள்ள அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது உயிர் பெறும். அவ்வாறு அனுப்பினாரா என்று நேரிற் சென்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

கிடைத்த உதவியைக் காப்பதும் ஒரு வேலை. கணித மேதை இராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கிலேயே ஆழ்ந்து ஆங்கிலத்தில் தவறியதால் அச்சம்பளம் பறிபோயிற்று. 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளிக்கும் வரை அவர் பட்ட இன்னல்கள் சிறியன அல்ல. நம் பிள்ளைகளுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. மத்திய உதவித்தொகை அடுத்த ஆண்டும் தொடர வேண்டுமாயின், 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தீபாவளி நெருங்கும்போது தறியில் உட்காரவும், நடவு நாளில் வயலில் இறங்கவும் மகனை நிறுத்திக்கொள்ளும் தகப்பனார், அவன் வருகைக் கணக்கையும் விசாரித்துக்கொள்வது நல்லது. பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரியிலோ, ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரியிலோ சேர்ந்து வீட்டிலிருந்தே சென்று வருவோருக்கு விடுதிச் செலவு மிச்சம்தான். ஆயினும் வீட்டுவேலை அவர்களைத்தான் அதிகமாக இழுக்கிறது.

முடிவாக, இடைவெளிப் பணம். உதவித்தொகை பெரும்பாலும் சேர்ந்த பின்னரே வருகிறது. கல்லூரியோ சேரும்போதே பணம் கேட்கிறது. அப்துல் கலாம் 1950-களில் சென்னை எம். ஐ. டி.யில் சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவர் தமக்கையார் தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். இன்றும் ஜூன் மாதத்தில் நம் தெருக்களில் வளையல்கள் அடகுக்கடைக்குத்தான் போகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகையீட்டுக் கடன் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும்போது, தனியார் கடையின் வட்டியைக் கல்விக்காக ஏன் சுமக்க வேண்டும்? நெசவாளர் சங்கங்களில் அங்கத்தினரின் கூலியிலிருந்து சேரும் சிக்கன நிதி இருக்கிறது. துணைவிதி இடந்தரும் அளவில் அதிலிருந்து முன்பணம் பெற முடியுமா என்பதை நிர்வாகக் கமிட்டி மே மாதத்திற்குள் முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். இலாபத்தில் இயங்கும் சங்கமாயின், பொதுநல நிதியிலிருந்து சேர்க்கைக் கட்டணத்துக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வைக்கலாம்.

சங்கக் காரியதரிசிகள் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போடுவது உசிதம். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் அங்கத்தினர் பிள்ளைகள் யார், ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி, எந்தெந்தச் சான்று கையில் இருக்கிறது, பெயர் மூன்று இடத்திலும் ஒத்திருக்கிறதா என்று ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பின்பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள். பள்ளி மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டியது அவர்கள் வீட்டாரிடத்தில்தான்.