டர்போ மாட்டுவது மெக்கானிக், ஆர்.சி. உங்கள் பெயரில்

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். 2021-இல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று கடனில் வாங்கினேன். ஏ.எம்.டி. கியர். நாலு பேர் ஏறி ஏ.சி.யும் போட்டால் ஓசூர் ரோட்டில் லாரியை முந்தவே பயமாக இருக்கிறது. ஜே.சி. ரோடு பக்கம் ஒரு பட்டறையில் டர்போ மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். "சி.சி. மாறாது, எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. பிரச்சினை எதுவும் வராது" என்று உறுதி சொன்னதால் 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். சட்டப்படி சிக்கல் உண்டா? இன்சூரன்ஸ் என்ன ஆகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. வண்டியை அங்கே விடாதீர்கள்.

உங்கள் குறை நியாயமானதுதான். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சின்ன எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வு சட்டத்தில் நிற்காது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வண்டியின் அமைப்பில் கைவைத்து அதன் அடிப்படைத் தன்மை மாறிப்போனால் அதுதான் 'மாற்றம்' என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. சி.சி. மாறாது என்று பட்டறைக்காரர் சொன்னது உண்மை. டர்போ சிலிண்டரைப் பெரிதாக்குவதில்லை. சைலன்சருக்குப் போகும் சூடான புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அதற்காகப் புகைக்குழாய், காற்றுக்குழாய், இஞ்செக்டர், எஞ்சின் கணினியான ஈ.சி.யு.வில் உள்ள கணக்கு எல்லாவற்றையும் மாற்றுவார்கள். இத்தனையும் மாறிய பிறகு அடிப்படைத் தன்மை மாறவில்லை என்று உங்களுக்காக வாதாட நான் துணிய மாட்டேன்.

துணியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரக்குறிப்பை மாற்றும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சி.என்.ஜி. கிட் மாட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு அந்த 52-வது பிரிவே வழி வைத்திருக்கிறது. கிட்டுக்கு அங்கீகாரம் உண்டு, ஆர்.சி.யிலும் பதிவு செய்வார்கள். டர்போவுக்கு அந்த வழி இல்லை.

பி.யு.சி. பாஸ் ஆகிவிடும் என்றும் சொல்வார்கள். ஆகலாம். ஐடிலில் ஓடும் வண்டியின் சைலன்சரில் குழாயைச் செருகிப் பார்க்கும் சோதனை அது. உங்கள் கார் மாடலுக்கு பி.எஸ்.6 சான்று கிடைத்தது அந்தச் சோதனையில் அல்ல.

நான் அதிகம் கவலைப்படுவது இன்சூரன்ஸைப் பற்றித்தான். மாற்றம் செய்த வண்டி மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பானட்டைத் திறந்ததும், கம்பெனி மாட்டாத சிலிக்கான் ஹோஸ், வெப்பத் துணி சுற்றிய குழாய், பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் எல்லாம் கண்ணில் படும். நாலு போட்டோ எடுப்பார். உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெயிமை மறுக்க அந்தப் போட்டோக்களே போதும். தனிக் காரை வாடகைக்கு ஓட்டிய ஒரு வழக்கில் (அமலேந்து சாஹு, 2010) உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னதுண்டு. ஆனால் அங்கே மீறல் பயன்பாட்டில்தான், எஞ்சினில் அல்ல. அதை நம்பி இறங்காதீர்கள்.

அடிபட்டவர் வேறொருவர் என்றால்? மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் காரணங்கள் மிகச் சில. அவற்றை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு வரிசையிடுகிறது. வண்டியை மாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முக்கியமான தகவலை மறைத்து எடுத்த பாலிசி என்பது இருக்கிறது. டர்போ மாட்டிவிட்டு, அதைச் சொல்லாமல் அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பித்தால் அந்தக் காரணத்தை நீங்களே கம்பெனியின் கையில் கொடுக்கிறீர்கள். இழப்பீட்டு மன்றம் கம்பெனியைப் பணம் கட்டச் சொல்லி, பிறகு அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கலாம். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்துபோன வழக்குகளில் அந்தத் தொகை ஒரு வீட்டையே விற்க வைக்கும். உயிர்ச்சேதம் நேர்ந்தால் பாரதிய நியாய சங்கிதை 106-வது பிரிவில் கிரிமினல் வழக்கும் வரும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் டர்போ என்ற ஒரு வரி இருந்தால், அது கவனக்குறைவுக்குச் சாட்சியாக உங்களுக்கு எதிரே வந்து நிற்கும்.

கியர்பாக்ஸையும் யோசியுங்கள். மாருதி ஃப்ரான்க்ஸில் 1.2 லிட்டர் எஞ்சினோடு வருவது ஏ.எம்.டி. அதே காரில் 1 லிட்டர் டர்போ எஞ்சின் வைத்தபோது ஆறு ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டரைக் கொடுத்தார்கள். நிஸான் மேக்னைட்டிலும் டர்போ இல்லாததற்கு ஏ.எம்.டி., டர்போவுக்கு சி.வி.டி. காரைத் தயாரிக்கிறவர்களே கியர்பாக்ஸை மாற்றுகிறார்கள். பட்டறை உங்கள் பழைய ஏ.எம்.டி.யின் மேலேயே அந்தப் பாரத்தை ஏற்றப் பார்க்கிறது. நாலு பேரை உட்கார வைத்து ஓட்டும் வண்டி அது.

கடன் இருப்பதால் இன்னொன்று. உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வங்கியின் சம்மதமில்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும்.

இனி அட்வான்ஸ். சட்டம் தடுத்த ஒன்றைச் செய்யப் போட்ட ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது. வேலை நடந்து முடிந்த பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டால், நீயும் இதில் கூட்டுதானே என்று நீதிமன்றம் கையை விரித்துவிடலாம். நடப்பதற்கு முன் விலகுகிறவர் நிலை அதைவிட நல்லது. ஆகவே இன்றே எழுத்தில் விலகுங்கள். "பிரச்சினை வராது என்று நீங்கள் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்தேன், 52-வது பிரிவுக்கு விரோதம் என்று இப்போது தெரிந்தது, வேலை வேண்டாம், 40,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்" என்று வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அவர்கள் உறுதி சொன்ன பழைய மெசேஜ்கள், ரசீது, யு.பி.ஐ. விவரம் எதையும் அழிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி வண்டி பழுதுபார்ப்பவரும் 'டீலர்' என்ற சொல்லுக்குள் வருகிறார். சட்டத்துக்கு விரோதமாக வண்டியை மாற்றும் டீலருக்கு 182ஏ பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. கடிதத்தில் இதையும் குறிப்பிடுங்கள்.

பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. பாகங்களை ஆர்டர் செய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு எங்கே நடந்தாலும், வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.