யூரியாவின் நடுவே வாழும் சிறுநீரகக் கலங்கள்

சுறா வறை சமைப்பவர்களுக்குத் தெரியும்: சுறா சற்றுப் பழுதானாலும் அமோனியா மணம் மூக்கைத் துளைக்கும். அதன் தசையில் நிறைந்திருக்கும் யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றுவதே காரணம். நமது சிறுநீரகத்தின் உட்பகுதியும் ஏறக்குறைய இப்படித்தான் யூரியாவில் ஊறியிருக்கிறது.

நாம் உண்ணும் புரதத்தின் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது. நலமானவரின் குருதியில் இது லீற்றருக்குச் சுமார் 3 முதல் 8 மில்லிமோல் வரை இருக்கும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும்போது, உடல் நீரைச் சேமிப்பதற்காகச் சிறுநீரகத்தின் மையவிழையத்தில் உப்பும் யூரியாவும் குவிகின்றன. அங்கே யூரியா குருதியில் உள்ளதைப் போலப் பல பத்து மடங்காகிறது.

இதில் என்ன ஆபத்து? யூரியா கலங்களுக்குள் புகுந்து புரதங்களின் மடிப்பைத் தளர்த்தும், டி.என்.ஏ.யையும் தாக்கும். ஆனாலும் இக்கலங்கள் தம்மைக் காத்துக்கொள்கின்றன. உப்புச் செறிவு கூடியதும் 'டோன்-ஈ-பி-பி' என்ற புரதம் மரபணுக்களை இயக்குகிறது. இதனால் பீட்டெயின் போன்ற காப்புப் பொருட்கள் கலத்தினுள் சேர்கின்றன. யூரியா கூடும்போது ஜி.பி.சி. என்ற மற்றொரு காப்புப் பொருள் சிதைவதும் குறைகிறது. இவை புரதங்களின் வடிவம் குலையாமல் தடுக்கின்றன. சுறாவும் இதுபோன்ற டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாலேயே பிழைக்கிறது. 'ஹெச்.எஸ்.பி. 70' என்ற புரதமோ, மடிப்புக் குலைந்த புரதங்களைத் திருத்த உதவுகிறது.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. மையவிழையத்துக்குச் சாதாரணமாகவே ஒட்சிசன் குறைவு. அங்கே குருதி ஓட்டத்தைப் பேணுவது புரொஸ்டாகிளாண்டின். ஐபுபுரோஃபென், நப்ரொக்சென் போன்ற வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. உடலில் நீர் வற்றிய வேளையில் இவற்றை எடுத்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். நெடுங்காலம் எடுத்தால் உட்பகுதி இழையம் அழுகவும் கூடும்.

பார்க்டேலில் சூடான உணவகச் சமையலறைகளில் மணிக்கணக்காக நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியர்த்துக் களைத்து வந்து, தண்ணீர் குடிக்காமல் முதுகு நோவுக்கு மாத்திரை போடாதீர்கள். வாந்தி, வயிற்றோட்டம் உள்ள நாட்களிலும் இவற்றைத் தவிருங்கள். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் குடிக்கவேண்டிய தண்ணீரின் அளவையும், பொருத்தமான வலி மருந்தையும் வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

சிறுநீரகம் பெரும்பாலும் வலி காட்டாமலே பழுதாகிறது. நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருதியில் கிரியற்றினினையும் சிறுநீரில் அல்புமினையும் பரிசோதிக்கும்படி குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.